பள்ளத்தில் கொட்டிய டைல்ஸ்

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பள்ளம் என்றால் குழி. திருப்பூரில் பள்ளம் என்றால் ஓடை. பிழைக்க வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள்.

அருள்புரத்தில் கட்டிய வீட்டுக்கு மறுநாள் பால் காய்ச்சு. வாசலில் மிச்ச டைல்ஸ் குவிந்து கிடந்தது. மெஷினில் அறுத்த துண்டுகள், உடைந்த மூலைகள், இறுகிப்போன பசை மூட்டைகள். முழுசாக இருப்பதை யாருக்காவது கொடுங்கள், உடைந்ததைச் சாக்கில் கட்டிப் பின்பக்கக் குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள் என்று டைல்ஸ் பதித்த கொத்தனார் சொல்லிவிட்டுத்தான் போனார். தண்ணீர்த் தொட்டிக்காகத் தோண்டி, வேண்டாமென்று விட்ட குழி அது. ஆனால் அங்கே வண்டி போகாது. ஒவ்வொரு சாக்காகச் சுமக்க வேண்டும். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் ரயிலேறியிருந்தார்கள், எனக்கு வாசல் சுத்தமானால் போதும் என்றிருந்தது. வண்டி பிடித்தேன்.

எல்லாவற்றையும் ஏற்றி முடித்த வண்டிக்காரர், "ஏனுங்க, பள்ளத்துலயே கொட்டீரட்டுங்களா?" என்றார்.

"ஆமா, பள்ளத்துலயே கொட்டிருங்க" என்றேன்.

அவர் ஓடையைத்தான் கேட்கிறார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தால், நான் குழியைச் சொன்னேன், அந்த ஆள் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று கையை விரித்துவிடலாம். அப்படி ஒரு கெட்டிக்காரத்தனம்!

நான் கட்டிங் மாஸ்டராக இருக்கும் பனியன் கம்பெனியில், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஓவர்லாக் டெய்லராக இருந்தாள். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அவள் குடியிருந்த லைன் வீட்டிலிருந்து கம்பெனிக்கு ஓடையைத் தாண்டி வருவது குறுக்கு வழி. மழை பெய்த மறுநாள் காலை, கணுக்கால் அளவு கலங்கல் தண்ணீருக்குள் கிடந்த டைல்ஸ் துண்டு, ரப்பர் செருப்பைக் கிழித்துக்கொண்டு அவள் பாதத்தில் இறங்கிவிட்டது. நான்தான் அவளைப் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"எந்த எடுபட்ட பய கொட்டுனானோ, அவன் வெளங்குவானா அண்ணாச்சி?" என்று வழியெல்லாம் அழுதாள்.

"மனுசங்களா இவனுக" என்று நானும் சேர்ந்து திட்டினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

டாக்டர் எடுத்துப் போட்ட துண்டு சந்தன நிறம், பழுப்புக் கோடுகள். எங்கள் வீட்டு ஹால்.

காயம் ஆறிவிட்டது. நரம்பு அறுபட்டதால் பாதம் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை, பெடலை மிதித்தால் வழுக்கிப் போகிறது. அவள் மெஷினில் வேறொருத்தியை உட்கார வைத்தார்கள். அவளுக்குச் செக்கிங் டேபிளில் நூல் பிசிறு வெட்டும் வேலை. வாரம் தவறாமல் சூப்பர்வைசரிடம் போய், "என் மெஷின எப்பம் தருவீங்க?" என்று கேட்பாள். கட்டிங் டேபிளில் நின்றபடி அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்குகளோடு ஓடையில் இறங்கினேன். நாலு சாக்கு நிறைந்திருந்தது. விந்தி விந்தி அவளே அந்த வழியாக வந்தாள்.

"எவனோ செஞ்ச பாவத்துக்கு நீங்க அள்ளுதீங்களே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, கரையில் உட்கார்ந்து அவளும் பொறுக்க ஆரம்பித்தாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

"போதும்மா, விடு. இது எங்க வீட்டு டைல்ஸ். நான்தான் கொட்டச் சொன்னேன்."

அவள் திட்டவில்லை. கையிலிருந்த துண்டைச் சாக்கில் போட்டுவிட்டு மெல்லக் கேட்டாள்.

"அப்பம், அன்னைக்கு என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனது இதுக்குத்தானா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்கு அவளைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தும் நான் பைக்கை நிறுத்தவில்லை. அது எந்த இடம் என்று பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.