கோணவாயனுக்கு ஒரு குளியல்

பல்செட்டு செய்து பிழைக்கிற ஒரு பெண்மணி மரமீன் சேர்க்கிறாள் என்று கேள்விப்பட்டால், மனிதர்கள் முதலில் அவள் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் அவள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார்கள், பாவம் என்று அவருக்காக ஒரு பெருமூச்சு விடுவார்கள். அவருக்கோ ஒரு குறையும் இல்லை. பொது நீச்சல்குளத்தில் தண்ணீருக்கு மருந்து கலப்பது அவர் வேலை. கண் எரிகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் நாளெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு வருகிறவருக்கு, வீட்டு அலமாரி நிறைய வாய் பேசாத ஜீவன்கள் இருந்தது பெரிய ஆறுதல்.

மரமீன் என்றால் வேறொன்றுமில்லை. கடலில் பெரிய மீனை ஏமாற்றுவதற்காகக் கட்டையில் கடைந்து, வண்ணம் பூசி, கொக்கி மாட்டிய பொய்மீன். இப்போதெல்லாம் பிளாஸ்டிக்கில் வந்துவிட்டது. பழைய மரத்து மீன்களைச் சேர்ப்பவர்களுக்கென்று அந்த ஊரில் ஒரு சங்கம் இருந்தது. அதில் ஒருவரும் மீன் பிடிப்பதில்லை. மரமீனைத் தண்ணீரில் நனைப்பதுதான் அங்கே பஞ்சமா பாதகம். பழைய கட்டை நீர் குடித்து ஊதும், வண்ணம் வெடிக்கும், போன மானம் திரும்பாது.

எப்போதோ இழுத்து மூடிய ஒரு பட்டறையின் மீன்கள் மேல்தான் சங்கத்தாருக்குப் பைத்தியம். கண் ஆணித்தலையா, கண்ணாடி மணியா, வெறும் மைப்புள்ளியா? கொக்கிக்கான கம்பி மூக்கிலிருந்து வால் வரை உடம்புக்குள் ஓடுகிறதா, வயிற்றில் திருகியிருக்கிறதா? மீனை முங்க வைத்து ஆட்டுகிற அந்தத் தகர உதடு, வெளியே ஆணியடித்ததா, வாயை அறுத்துச் செருகியதா? இதையெல்லாம் கூட்டிக் கழித்து ஐந்தே ரகம் என்று முடிவு செய்து வைத்திருந்தார்கள். புது ரகம் ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு முன்மேசையில் நாற்காலி உண்டு. எது அசல், எது போலி என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையும் உண்டு. மற்றவர்கள் பின்னால் உட்கார வேண்டும். பல்செட்டுக்காரி வருஷக்கணக்கில் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், குறட்டை விடும் ஒரு தையல்காரருக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் கோப்பை கழுவும் வேலை, யாரும் சொல்லாமலே அவள் தலையில் விழுந்திருந்தது.

முன்மேசையின் நடுநாயகம் அவள் கொழுந்தன். மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். அவன் "அண்ணி" என்று கூப்பிட்டால் பாதி மரியாதை, பாதி நக்கல். எது எங்கே முடிகிறது என்று பிடிபடாது.

ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றபோது அவளும் கொழுந்தனும் போயிருந்தார்கள். அந்தப் பட்டறையின் மரமீன் என்று சொல்லி வைத்திருந்த பெட்டிக்குள் கொழுந்தன்தான் முதலில் கைவிட்டான், கண்ணாடிக் கண் வைத்த ஒன்றை எடுத்துக்கொண்டான். மிச்சம் கிடந்ததை இவள் எடுத்தாள். அதன் உதடு இடது பக்கமாகக் கோணியிருந்தது. கோணவாயன் என்று அன்றைக்கே பேர் வைத்துவிட்டார் வீட்டுக்காரர்.

தன் பல்செட்டு வேலைமேசை விளக்கடியில் வைத்துப் பார்த்தபோது அவளுக்குப் பொறி தட்டியது. உதடு செருக அறுத்த வாய் சரிவாக இருந்தது, ஆனால் ஒரே இழுப்பில் சுத்தமாக அறுத்திருந்தது. கை தவறி அறுத்தவன் இப்படி அறுக்க மாட்டான், நடுவில் ஒரு தடவையாவது தடுமாறியிருப்பான். பாலத்துத் தூண்களுக்கு அடியில் பதுங்கும் மீனுக்காக, பக்கவாட்டில் போகும்படி வேண்டுமென்றே செய்தது. அப்படியென்றால் இது ஆறாவது ரகம்.

சங்கத்தில் எழுந்து சொன்னாள். கொழுந்தன் மூக்குக்கண்ணாடியைக் கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"அறுத்தவன் முந்தின நாள் கொஞ்சம் ஜாஸ்தியா ஏத்தியிருப்பான், அண்ணி. அதுக்கு ஒரு ரகம்னா, என் கடையில வளைஞ்ச ஆணிக்கெல்லாம் பேர் வெக்கணும்."

சபை சிரித்தது. தூங்கிக்கொண்டிருந்த தையல்காரர் விழித்து, என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"தண்ணில விட்டுப் பாத்துடலாம்," என்றாள். "ஒழுங்கா இடது பக்கம் போச்சுன்னா வேணும்னு செஞ்சது. தறிகெட்டு உருண்டுச்சுன்னா, நான் அப்புறம் வாயே திறக்கல."

கைக்குழந்தையைக் கொதிக்கிற தண்ணீரில் போடலாம் என்று சொன்ன மாதிரி எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

வீடு வந்ததும் கோணவாயனை உலர்ந்த துணியில் சுற்றினாள், மறுபடி பிரித்தாள். ஈரக்கையோடு அலமாரிப் பக்கம் போனாலே கத்துகிறவள் நீதானே என்று வீட்டுக்காரர் கேட்டார். "இப்ப நனைக்கலன்னா நான் சாகிற வரைக்கும் கப்புதான் கழுவணும்," என்றாள். அவர் குளத்துச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பள்ளிப் பிள்ளைகள் கரையேறி, வயதான பெண்கள் இறங்குவதற்குள் உள்ள இடைவெளியில் ஏற்பாடு. அந்தப் பெண்கள் முன்கூட்டியே வந்து, தலையில் ரப்பர்த் தொப்பியோடு பெஞ்சில் உட்கார்ந்து, வேடிக்கை பார்க்காமல் நகர மாட்டோம் என்றார்கள். சங்கத்தாரைச் செருப்பு, ஷூவைக் கழற்றச் சொன்னார் வீட்டுக்காரர். முன்மேசைக்காரர்களின் காலுறை ஓட்டைகள் வெளிச்சத்துக்கு வந்ததும் அவர்கள் கம்பீரத்தில் பாதி அங்கேயே கழன்றுவிட்டது. கொழுந்தன் தன் கண்ணாடிக் கண்ணனை ஒரு துணியில் பொதிந்து எடுத்து வந்திருந்தான், உதடு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக.

அவள் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, தூண்டிலில் கட்டி வீசினாள். நூலைச் சுற்றி இழுத்தாள். கோணவாயன் முங்கினான், இடுப்பை ஆட்டினான், அழகாக இடது பக்கம் வளைந்து சுவரோரமாகவே வந்தான். மறுபடி வீசினாள். மறுபடியும் இடது. பெஞ்சிலிருந்து கைதட்டல் வந்தது. முன்மேசை நாற்காலி தன் அடியில் வந்து நின்றுவிட்டதாகவே அவளுக்குத் தோன்றியது.

அடுத்த இழுப்பில் ஒரு வெள்ளைச் சில்லு தண்ணீரில் மிதந்தது. அப்புறம் இன்னொன்று. கரைக்கு வந்தபோது மீனின் முதுகு உரிந்து, மேடுபள்ளம் தெரியாமல் வண்ணத்துக்கு அடியில் அப்பியிருந்த மக்குப்பூச்சு ஊறிப் பொலபொலவென்று உதிர்ந்தது. அடியில் பழுப்பு வார்னிஷ். இடுப்பைச் சுற்றிக் கடைந்த இரண்டு வளையங்கள்.

தையல்காரர் அன்று அதிசயமாக விழித்திருந்தார். "இது நாற்காலிக் கால்மா," என்றார். "எங்க வீட்டுல இதே வளையம் போட்டது நாலு கிடக்கு."

கொழுந்தனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பட்டறையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, எவனோ வீட்டு நாற்காலியை உடைத்துச் செய்தது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். அவளுக்குக் காது வரை சூடேறியது. அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க வழியில்லை. ஆறாவது ரகம் போயேபோய்விட்டது. ஆனால் கையிலிருந்த கட்டையைப் பார்க்கப் பார்க்க, நல்ல நாற்காலியை உடைத்து மீனாக்கியவனுக்கு வீட்டில் என்ன அர்ச்சனை நடந்திருக்கும் என்று தோன்றி, அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.

"டேய்," என்றார் வீட்டுக்காரர் தம்பியிடம், மருந்து வாளியைக் கீழே வைக்காமலே. "உன்னோடதும் அதே பெட்டியில எடுத்ததுதானே?"

எல்லோர் கண்ணும் துணிப் பொதிக்குத் திரும்பியது.

"அதையும் போடுப்பா," என்றாள் பெஞ்சில் இருந்த ஒரு பாட்டியம்மாள். "எங்களுக்கு நேரமாகுது."

கொழுந்தன் பொதியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினான். "இதுக்குத் தண்ணி ஆகாது," என்றான்.

பெஞ்சே சிரிப்பில் குலுங்கியது. முன்மேசைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஷூ மாட்டிக்கொண்டார்கள். அவரவர் வீட்டு அலமாரி அவரவர் மனக்கண்ணில் வந்து நின்றிருக்க வேண்டும்.

"ஆறாவது ரகம் இல்ல, தம்பி. ஒத்துக்கறேன்," என்றாள் பல்செட்டுக்காரி. "நீங்க எல்லாரும் உங்களோடத நனைக்கிற அன்னிக்குச் சொல்லி அனுப்புங்க, கப்பு கழுவ வரேன்."

அவர்கள் போனதும் பெண்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கினார்கள். மிதக்கிற சில்லுகளை வலையால் அள்ள வேண்டும், நகரு என்றார் வீட்டுக்காரர்.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்றாள் அவள், தூண்டிலைத் தோளுக்கு மேலே எடுத்து. "எப்படித் திரும்பறான் பாருங்க."