டிரம் அண்ணன் முதலிடத்தில் இருந்த ஆறு மாதம்

வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் டிரம் அண்ணனுக்கு ஆறு மாதமாக வேலை குறைந்துகொண்டே வந்தது. அதே ஆறு மாதமாக ஊரிலேயே அவர்தான் முதலிடம். இரண்டும் ஒரே ஆளுக்கு நடக்குமா என்று கேட்பவர்கள் அவருடைய போனைப் பார்த்ததில்லை.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஸ்டூலில் உட்கார்ந்து, ‘பக்கத்தில் வாஷிங் மெஷின் ரிப்பேர்’ என்று தேடுவார். அவர் கடைதான் முதலில் வரும். தட்டுவார். தன் கடையின் படத்தைத் தன் கடைக்குள்ளேயே உட்கார்ந்து ஆசை தீரப் பார்ப்பார். அப்புறம் மாலைவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். “இப்பல்லாம் மெஷின் எங்க கெட்டுப்போகுது” என்று மெஷின்களின் மேல் பழியைப் போட்டுவிடுவார்.

கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரர் சனிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டும். மனைவியின் தம்பி அண்ணனுக்காக ஒரு கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்த்து வைத்திருந்தான். சீருடை உண்டு. சீருடை என்ற சொல்லைக் கேட்டாலே அண்ணனுக்குத் தோள் அரிக்கும்.

“ஊர்லயே நம்பர் ஒன் நான். நான் போய் இன்னொருத்தன் சட்டையை மாட்டணுமா?”

பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் மனைவி, தன் போனில் அதே வரியைத் தேடிக் காட்டினாள். தள்ளுபடியில் மூன்று புது மெஷின்கள் வந்தன. பிறகு நான்கு கடைகள். அவர் கடை இல்லை.

“உன் போன்ல ஏதோ கோளாறு.”

“ஏங்க, கடைக்குள்ள உக்காந்துக்கிட்டு பக்கத்துல யாருன்னு கேட்டா, அது வேற யாரைக் காட்டும்?”

அன்றிலிருந்து அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருவில் தெரிந்தவர்களின் போனையெல்லாம் வாங்கித் தேட ஆரம்பித்தார். முடிதிருத்துபவரின் போன் முதலில் வழுக்கைக்கு மருந்து சொன்னது. மாமியாரின் போனில், கையால் துவைத்தால் முதுகுவலி போகும் என்று ஒருவர் சத்தியம் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு போனிலும் விரல் நோகத் தள்ளிக்கொண்டே போய், எங்கோ அடியில் கிடந்த தன் கடையைக் கண்டுபிடித்து, நான்கு தடவை தட்டிவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். மறுநாள் போய் மறுபடி தேடுவார். அதற்கு மறுநாளும் போவார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதும் உண்டு.

வெள்ளிக்கிழமை கணக்குப்படி, பதினான்கு போன்களில் பதினொன்றில் அவரே முதலிடம்.

“அண்ணே, ரெண்டு நாளா என் போன்ல பெல்ட்டு, மோட்டார்னு விளம்பரமா வந்துக்கிட்டே இருக்கு” என்றார் முடிதிருத்துபவர். “எங்க வீட்ல மெஷினே கிடையாது.”

“இருக்கட்டும்ப்பா. பேர் பரவுதுல்ல.”

வீட்டில் இந்த வெற்றியை அறிவித்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “பதினாலு போன்லயும் தேடினது நீங்க ஒருத்தர்தானே?” என்று மட்டும் கேட்டாள். அவர் மாமியாரின் போனை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தார்.

சனிக்கிழமை ஒப்பந்தத்தோடு கிளம்பியபோது அவளும் கூட வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீங்க தொடாத ஒரு போன்ல பார்த்துடுவோம். கடைப் பேரைச் சொல்லக் கூடாது. வந்துச்சுன்னா நானே சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்.”

நிறுத்தத்தில் காய்ப்பையோடு ஒரு பெண் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“போனைத் தர மாட்டேன். என்ன தேடணும்னு சொல்லுங்க, நானே தேடுறேன்.”

தேடினார். அண்ணன் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தார். முதல் பெயர் அவருடையதில்லை. ஐந்தாவதும் இல்லை. அந்தப் பெண் பொறுமையாகத் தள்ளிக்கொண்டே போனார். எட்டு, பத்து, பதினைந்து. தூரத்தில் பேருந்து திரும்பியது.

“எந்தக் கடைங்க உங்களுது?”

மனைவி அண்ணனைப் பார்த்தாள். அவர் பேருந்தைப் பார்த்தார். பிறகு கடையின் பெயரை, எழுத்துக்கூட்டி, சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் அதையே அடித்துத் தேடினார். “இதோ வந்துடுச்சே. முதல்லயே இருக்கு” என்று அன்போடு சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினார்.

அண்ணன் விறுவிறுவென்று கட்டடக்காரர் வீட்டுப் பக்கம் நடந்தார். மனைவி கூடவே நடந்தாள். திட்டியிருந்தால் கையெழுத்தே போட்டிருப்பார். இரண்டாவது தெரு முனையில் நின்றார்.

“பேரைச் சொல்லிட்டேன்ல?”

“சொல்லிட்டீங்க.”

கொஞ்ச நேரம் ஒப்பந்தத்தால் விசிறிக்கொண்டார். பிறகு கட்டடக்காரரைக் கூப்பிட்டு, மாதக் கடைசியில் சாவியைத் தருவதாகச் சொன்னார். அடுத்து மைத்துனனைக் கூப்பிட்டார்.

“மாப்ள, அந்தச் சட்டை என்ன கலரு?”

பதிலைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.