கீழ் வரிசைப் புளிப்பு

1. மண்டியிட்டவர்

ஒயின் படிப்புப் படித்த மகேஷ் சார் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்த முதல் நாள், ஷூ காலோடு திராட்சைத் தோட்டத்துக்குள் இறங்கி ஒரு கொடியின் முன்னால் மண்டியிட்டார். கும்பிடுகிறாராக்கும் என்று நினைத்தேன். போட்டோ எடுத்தார்.

"ஓல்டு புஷ் வைன்!" என்றார். பந்தல் இல்லாமல், கம்பி இல்லாமல், இடுப்பு உயரத்தில் தன் காலிலேயே நிற்கிற கொடிக்கு அதுதான் பேராம். முப்பது வருஷமாக நாங்கள் அதை மொட்டைக்கொடி என்று சொல்லி வந்தோம். எங்கள் அறியாமை.

அது மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு கன்னியர் மடத்துத் தோட்டம். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் நட்ட வெள்ளைத் திராட்சை. மாதா கோயில் பூசைக்கான ஒயின் அதில்தான் போடுவோம். சிவப்பு ஒயின் சிந்தினால் பீடத்துத் துணியில் கறை போகாது, அதனால் வெள்ளை. நான் காரமடைக்காரி, ரங்கநாதரைக் கும்பிடுகிறவள். அவர் இதுவரை ஆட்சேபம் சொன்னதில்லை. பறிப்பும் பிழிவும் என் பொறுப்பு.

மேல் காட்டுக் கொடிகள் தேனாகக் காய்க்கும். கீழ் வரிசையில் நாற்பது கொடி வேறு ஜாதி. எத்தனை நாள் பழுத்தாலும் புளிப்புதான். மகேஷ் சார் அந்தப் பழத்தின் சாற்றை ஒரு சொட்டு, சர்க்கரை பார்க்கிற குழாயில் விட்டுக் கண்ணில் வைத்தார்.

"வேஸ்டுங்க மதர். பிடுங்கிட்டு அந்த இடத்துல பந்தல் போட்டுடலாம்."

மதர் மடத்துக்குத் தலைவி. "நீங்க படிச்சவருங்க, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். சார் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கம்மா, இந்த வருஷம் கீழ் வரிசையைப் பறிக்க வேண்டாங்க. சயின்டிபிக்கா பண்ணலாம்."

"ஆகட்டுங்க சார். சயின்ஸுக்குக் குறுக்கே நான் நிப்பனுங்களா?"

எனக்குத் தெரிந்த ஒன்றை அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வெறும் இனிப்புப் பழத்தில் போட்டால் ஒயின் சப்பென்று போகும். அதனால் பத்துக் கூடை மேல் காட்டுப் பழத்துக்கு ஒரு கூடை கீழ் வரிசைப் புளிப்பை வருஷா வருஷம் நானே பழம் பிழிகிற செக்கில் கொட்டிவிடுவேன். யாருக்கும் தெரியாது. "மேல் காட்டுப் பழமுன்னாப் பழந்தான்!" என்று சாமியார்கள் மெச்சும்போது, பக்கத்தில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிற்பேன். அதில் எனக்கு ஒரு சுகம்.

கேட்டால் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். கேட்கவில்லை.

2. தேருக்குப் போன இரண்டு நாள்

மேல் காட்டுப் பழம் பிழிந்து டேங்கில் ஏறியது. மாசித் தேருக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். கீழ் வரிசையில் பதினோரு குழி. தொடையளவு தண்டுகள் வேரோடு குவிந்து கிடந்தன, காயும் பழமுமாக.

கூட வேலை செய்கிற மருதாயி சொன்னாள்: "பன்னெண்டாவது வேரு பாறைக்குள்ள போயிருந்துச்சுங்க்கா. ஜேசிபி பல்லு ஒடைஞ்சுபோச்சு. சரி பண்ணிட்டு வாரேன்னு போயிருக்கறாங்க. நீங்க இருந்திருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்கல்ல?"

இருந்தபோதே சொல்லாதவள் நான். அவளிடம் அதையும் சொல்லவில்லை.

3. அரிசி களைந்த தண்ணீர்

ஒயின் தெளிந்தது. மகேஷ் சார் கிளாஸைச் சுற்றினார், மோந்தார், மேலே பார்த்தார். இவ்வளவு மரியாதை அந்த ஒயினுக்கு அன்றைக்கு மட்டும்தான் கிடைத்தது. மதர் ஒரு வாய் குடித்தார்.

"என்னங்க சார், அரிசி களைஞ்ச தண்ணியாட்ட இருக்குது?"

"ஆசிட் கம்மிங்க மதர், புளிப்புப் பத்தல. கடையில டார்டாரிக் ஆசிட் விக்குது, கொஞ்சம் சேர்த்தா..."

"பூசைக்குப் போறதுங்க. திராட்சையைத் தவிர உப்புக்கல்லுகூடச் சேரக் கூடாது."

ஒரு வருஷ ஒயின், டேங்க் நிறைய. எந்தக் கோயிலுக்கும் அதை அனுப்ப முடியாது. பல் உடைந்து போன ஜேசிபி, வேறு காட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு, புதுப் பல்லோடு மறுநாள் காலையில் வருவதாகப் போன் வந்திருந்தது. இனியும் நான் வாயைத் திறக்காவிட்டால் மருந்துக்குக்கூடப் புளிப்பு மிஞ்சாது.

"மதர், வருஷா வருஷம் கீழ் வரிசையை நாந்தானுங்க கலந்துட்டிருந்தேன்."

"ஏன் அம்மணி இத்தனை நாளாச் சொல்லல?"

"ஆருங்க கேட்டீங்க?"

மதர் என்னைப் பார்த்த பார்வையில், அந்தப் பதில் என் காதுக்கே நன்றாக இல்லை.

ஜேசிபியை வர வேண்டாம் என்றார்கள். மிச்சம் இருபத்தொன்பது கொடியிலும் பழம் அப்படியே தொங்கியது. அவ்வளவு வெயிலிலும் புளிப்பு குறையவில்லை. பறித்துத் தனியாகப் பிழிந்து, நுரைத்து அடங்கித் தெளிய விட்டோம். பிறகு கலவை. சார் அளவுக் குழாய் வைத்துக்கொண்டார். நான் எவர்சில்வர் டம்ளர். இருபதுக்கு ஒன்று, பதினைந்துக்கு ஒன்று என்று ஊற்றி ஊற்றி, சாயங்காலம் பத்துக்கு ஒன்றில் வந்து நின்றார். நான் காலையிலேயே அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"எப்படிங்கம்மா இந்த ரேஷியோவைக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டெல்லாம் பிடிக்கலீங்க சார். ஒரு வருஷம் கூடை மாறி வுழுந்துபோச்சு. நல்லா இருந்துச்சு, அப்படியே உட்டுப்போட்டேன்."

அவர் சிரித்தார். அந்த மனிதர் சிரிப்பார் என்பதே அன்றுதான் தெரிந்தது. நோட்டில் 'பிளெண்டிங் டிரையல், வெற்றி' என்று எழுதினார். யாருடைய வெற்றி என்று எழுதவில்லை.

"ஏனுங்க சார், எம் பேரையும் எழுதிப்போடுங்க."

எழுதினார். ராமாத்தாள். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

பதினோரு குழியிலும் மிச்சக் கொடிகளின் குச்சியை வெட்டி நட்டிருக்கிறோம். தண்டு பழையபடி தொடையளவு ஆகிறபோது நான் இருக்க மாட்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வேலை தெரிந்தால் தெரியும் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று கௌரவமாக உட்கார்ந்திருந்தேன். ஜேசிபி யாரையும் கேட்டுவிட்டு வருவதில்லை.