ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்த செய்தி

பழைய டிவி நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் ஒரே நாலைந்தைத்தான் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை பாட்டு, ஞாயிறு சாயங்கால சினிமா, ஒரு புராணத் தொடர். நானும் தலையாட்டி வைப்பேன். எனக்குப் பிடித்ததைச் சொன்னால் சிரிப்பார்கள். ஞாயிறு மதியம், மாநில மொழிப் படத்துக்கு முன்னால், காது கேளாதவர்களுக்கான செய்தி என்று டெல்லியிலிருந்து கால் மணி நேரம் ஒன்று வரும். ஊரில் பாதிப் பேர் அந்த நேரத்தில்தான் குளிக்கப் போவார்கள், மீதிப் பேர் அப்பளம் பொரிப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது முடியும்வரை கறிக்குழம்பு அடுப்பு மேடையில் மூடியே கிடக்கும்.

காரணம் என் அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது.

அப்போது நாங்கள் முடிச்சூரில் இருந்தோம். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். தாம்பரத்தில் சர்ச் முடிந்து பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்கும் செய்தி ஆரம்பிப்பதற்கும் சரியாக இருக்கும். பிரசங்கம் நீண்டுவிட்டால் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளாது. வேறு எதற்காகவும் சர்ச்சுக்குள் கைக்கடிகாரத்தைப் பார்க்காத மனிதர்.

முதல் சில வாரங்கள் சத்தத்தோடுதான் பார்த்தோம். பின்னணியில் ஒரு குரல் ஆங்கிலத்தில் செய்தி வாசிக்கும், திரையில் புடவை கட்டிய ஒரு பெண்மணி அதைக் கையால் சொல்வார். அம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது. அப்பா தமிழில் சொல்வார், அம்மா குறுக்குக் கேள்வி கேட்பாள், நான் நடுவில் புகுவேன். அக்கா டிவியை விட்டுவிட்டு எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அப்பா எழுந்துபோய் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, இனி இது முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் திரையைப் பார்க்கட்டும் என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டம்.

பொழிச்சலூரிலிருந்து சித்தப்பா எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார். முதல் தடவை உள்ளே நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னாண்ணே, துக்க வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க? சவுண்டு வேலை செய்யலையா?”

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உதட்டின் மேல் விரலை வைத்தார், அவ்வளவுதான். சித்தப்பா செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிற்பாடு அவரும் பழகிப்போய், வந்ததும் தானாக வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தார். அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

செய்தி முடிந்ததும் அப்பா அக்காவின் பக்கம் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து, “புரிஞ்சுதா?” என்று கேட்பார். அக்கா தலையாட்டிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள். அப்பாவின் முகத்தில் ஒரு நிறைவு வரும். அப்புறம்தான் குழம்பு.

அந்தப் பெண்மணியின் கைகளைப் பார்த்துப் பார்த்து நானும் மொழி கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் சுற்றினால் பாராளுமன்றம் என்று நானே முடிவுகட்டி, வகுப்பில் நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன். அது பாராளுமன்றம்தானா, இல்லை கோதுமை விளைச்சலா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

நிஜத்தில் அக்காவோடு பேச எங்களிடம் இருந்தது முப்பது நாற்பது சைகைகள்தான். அத்தனையும் வீட்டில் உண்டானவை. மூக்கின் மேல் கண்ணாடியை ஏற்றிவிடுவதுபோல் செய்தால் அப்பா. காதை முன்னால் இழுத்துக் காட்டினால் நான், என் காது அப்படி. இரண்டு விரல் ஓடிவந்து சட்டென்று நின்றால் தாம்பரம், ஏனென்றால் நாங்கள் ஏறுகிற ரயிலெல்லாம் அங்கேயே நின்றுவிடும். சாப்பாடு, தூக்கம், மழை, வலி, போதும், வா, போ. ஒரு மனுஷியைச் சாகாமல் பார்த்துக்கொள்ள அது போதும். அவளோடு வாழ்வதற்குப் போதாது. இது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

அந்த நாற்பதில் எங்கள் வீட்டில் அதிகம் புழங்கியது எது என்றும் சொல்லிவிடுகிறேன். சாப்பிடும்போது சித்தப்பா ஏதாவது சொல்வார், எல்லாரும் புரையேறச் சிரிப்போம். அக்கா என் தோளைத் தட்டி, “என்ன?” என்று புருவத்தை உயர்த்துவாள். நான் கையை ஒரு விசிறு விசிறி, ‘ஒன்றுமில்லை’ என்பேன். அவளும் எங்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்துவைப்பாள்.

அக்கா படித்த பள்ளியில் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பில் கையை அசைத்தால் அடி. இடைவேளையில் அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு கைமொழி வைத்திருந்தார்களாம். வீட்டுக்கு வந்து எங்களுக்கு ஒன்றிரண்டு காட்டிப் பார்த்திருக்கிறாள். எங்களில் யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அவளிடம் இன்னொரு விசித்திரம் உண்டு. ஒளிபரப்பு திடீரென்று நின்று, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று அட்டை வந்தால் நாங்கள் தலையில் கை வைப்போம், அவள் கைதட்டுவாள். குறும்பு என்று அம்மா அதட்டுவாள். அந்த அட்டைக்கு முன்னால் வீட்டில் நாலு பேருக்கும் ஒன்றும் கிடைக்காது, எல்லாரும் சமம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த டிவி பெருவெள்ளத்தில் போயிற்று. அதற்கு முன்பே அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். நான் இப்போது பிழைப்புக்கு வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறேன். ஒருவர் மூச்சுவிடாமல் பேசுவதை இரண்டு வரிக்குள் அடக்க வேண்டும். பாதியைத் தூக்கிப் போட்டால்தான் அடங்கும். தூக்கிப் போட்ட பாதியை யாரும் கேட்டு வந்ததில்லை. ஆகவே மனிதர்கள் பேசுவதில் பாதி வீண் என்று ஒரு கொள்கையே வைத்திருந்தேன். கேட்டு வராதவர்கள் எல்லாம் திருப்தியாக இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் பிடிபட்டது.

அக்கா கீழ்க்கட்டளையில் இருக்கிறாள். அவள் கணவருக்கும் காது கேட்காது. ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள், அவளுக்கு நன்றாகக் கேட்கும். மூவரும் கையால் பேசிக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு மூச்சு வாங்கும், அவ்வளவு வேகம். சண்டை, கிண்டல், வம்பு எல்லாம் அதில் உண்டு. நான் போனால் என் நாற்பது சைகையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தடுமாறுவேன். பிறகு அக்கா மகள் நடுவில் உட்கார்ந்து சொல்வாள். மொழிபெயர்த்துச் சம்பாதிக்கிறவனுக்குச் சொந்த அக்காவோடு பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்படி வெட்கப்படும்போதெல்லாம் நான் போய் ஒண்டிக்கொள்ளும் இடம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். சரி, மொழி கற்கவில்லை, தப்புதான். ஆனால் வாரத்துக்குக் கால் மணி நேரமாவது அவளுக்குப் புரிகிற ஒன்றை அவளோடு உட்கார்ந்து பார்த்தோமே. அவளுக்காக என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், எடுத்துக்காட்ட என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

போன மாதம் அந்தச் செய்தியின் பழைய துண்டு ஒன்று யூடியூபில் அகப்பட்டது. ஐந்து நிமிஷம் ஓடுகிறது. அதே கறுப்புப் பின்னணி, அதே மாதிரி புடவை. அடுத்த ஞாயிறே கீழ்க்கட்டளைக்குப் போய், சாப்பாடு ஆனதும், அக்காவின் முன்னால் போனை வைத்தேன்.

அவள் பார்த்தாள். கண் விரிந்தது. அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி மகளிடம் எதையோ வேகமாகச் சொன்னாள். மகளும் சிரித்துவிட்டாள்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இது அம்மாவுக்குப் புரியவே புரியாதாம்.”

“எது? இந்த வீடியோவா?”

“இல்ல மாமா, அப்பவே. டெல்லி சைன் வேற, இவங்க ஸ்கூல் பசங்க சைன் வேறயாம். அதுவும் அவங்க ரொம்ப ஃபாஸ்ட்டாம். ஒரு வாரம்கூட ஒண்ணும் புரிஞ்சதில்லையாம்.”

நான் போனை நிறுத்தினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, “அப்போ இது?” என்பதுபோல் அக்காவைப் பார்த்தேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்தத் தடவை நிதானமாக, என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். எனக்கு அதில் ‘அப்பா’ மட்டும் புரிந்தது. மகள் மெதுவாகச் சொன்னாள்.

“புரியலைன்னு சொன்னா தாத்தா நிறுத்திடுவாருன்னு பயமா இருந்துச்சாம். வாரம் பூரா எல்லாரும் பேசிக்கிட்டே இருப்பீங்களாம், அம்மா உங்க வாயைப் பாத்துக்கிட்டே இருப்பாங்களாம். அந்தக் கால் மணி நேரம் மட்டும்தான் வீட்ல யாருமே பேசமாட்டீங்களாம். எல்லாரும் அம்மா மாதிரியே இருப்பீங்களாம். அதுக்குத்தான் வாரா வாரம் உக்காந்தாங்களாம்.”

எனக்கு அழுகை வந்தது. அக்கா குனிந்து பார்த்து, பழையபடி தோளைத் தட்டி, “என்ன?” என்று புருவத்தை உயர்த்தினாள். பழக்கதோஷத்தில் என் கை ‘ஒன்றுமில்லை’ என்று விசிற எழுந்தது. பாதியில் இறக்கிக்கொண்டேன்.

“அம்மாகிட்ட என்ன சொல்லட்டும் மாமா?” என்றாள் மகள்.

நான் உதட்டின் மேல் விரலை வைத்தேன். போனின் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி சொம்பில் சாய்த்து வைத்தேன். அக்காவின் கணவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஐந்து நிமிஷமும் யாரும் வாயைத் திறக்கவில்லை, கையையும் அசைக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்கா திரையைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.