நீலத் தண்ணீரில் விழுந்த அரிவாள்

"16-2-1961, வியாழன். அக்கா வந்தது. பழைய லாடம் வாங்க வேண்டும்." அப்பாவின் பட்டறைக் குறிப்பேட்டில் அன்றைய தேதிக்கு இவ்வளவுதான் இருக்கிறது. முந்தைய நாள் கிறிஸ்தவர்களின் தபசுக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். அந்த அக்கா, என் அத்தை, வந்தபோது நானும் கூட இருந்தேன். எனக்குப் பத்து வயது. மீதியை அதனால்தான் எழுத முடிகிறது.

அப்பா சேலத்தில் வெள்ளி சுத்தம் செய்பவர். பழைய கொலுசுகளைத் திராவகத்தில் கரைத்து, அதற்குள் செம்புத் தகட்டைப் போடுவார். செம்பு கரையக் கரைய வெள்ளி அடியில் மாவாகப் படியும். மிஞ்சுகிற நீலத் தண்ணீரைப் பின்வாசல் சாக்கடையில் கொட்டிவிடுவார். தெருவில் எல்லாப் பட்டறைகளும் அப்படித்தான். அந்தச் சாக்கடை திருமணிமுத்தாற்றில் சேர்வதற்குச் சற்று முன்னால் அப்பாவின் அக்கா கீரை போட்டிருந்தார். தபசுக்காலம் நாற்பது நாளும் எங்கள் கோயில் பங்கில் பாதி வீடுகளில் கறி கிடையாது, அத்தையின் கீரைதான். அந்த நாற்பது நாள் விற்பனையில்தான் அவருடைய வருஷம் ஓடியது.

அந்த ஆண்டு பாத்திகள் ஒவ்வொன்றாகப் பழுத்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கருகியிருந்தது. யாரோ கண் வைத்துவிட்டதாக நம்பிய அத்தை, கோயில் தீர்த்தத்தைக் கொண்டுவந்து தெளித்தார்.

வியாழனன்று பள்ளி விட்டதும் அவருக்குக் கீரை அரிந்து கொடுக்கப் போனேன். இறைப்பதற்காகச் சாக்கடையை மறித்து வெட்டிய குழியில் கருக்கரிவாளைத் தவறவிட்டேன். திட்டு விழும் என்று கொஞ்ச நேரம் சொல்லாமல் இருந்துவிட்டு, பிறகு துழாவி எடுத்தேன். இரும்பு அரிவாள் புதுச் செம்புக் குடம் போலச் சிவந்திருந்தது. அப்படியே அத்தையிடம் நீட்டினேன்.

அத்தை என் கையைப் பிடித்து நேரே பட்டறைக்கு இழுத்துப் போனார். சண்டைக்கு அல்ல. உலோகம் தெரிந்தவன் தம்பிதானே.

"இரும்பு செம்பாயிருக்குது பாரு சாமி. மாதா செஞ்ச புதுமையா இருக்குமா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முன்னால் பீங்கான் சட்டியில் அதே நீலம் நின்றது.

"அங்கயும் இந்தத் தண்ணிதானுங்கப்பா" என்றேன் நான்.

அத்தை இடுப்பில் தொங்கிய வீட்டுச் சாவியைக் கயிற்றோடு அவிழ்த்துச் சட்டிக்குள் இறக்கினார். நான் மனசுக்குள் எண்ணினேன். இருபது வருமுன் சாவி சிவந்துவிட்டது.

"இதையத்தான் நான் பாத்திக்கு எறைக்கறனா?"

"எல்லாருந்தான் ஊத்தறாங்கக்கா. ஆத்துல போயிக் கலந்துரும்னு இருந்தேன்."

"ஆத்துக்கு முன்னால நான் இருக்கறன்டா."

மறுநாள் அத்தை பச்சையாக நின்ற பாத்திகளையும் சேர்த்துப் பிடுங்கிக் கரையில் குவித்தார். அதன்பிறகு அந்தத் தபசுக்காலத்தில் அவர் ஒரு கட்டும் விற்கவில்லை.

அப்பா பின்வாசலில் ஒரு கல்தொட்டி வைத்து, அதில் பழைய இரும்பு மாட்டு லாடங்களைப் போட்டு நிரப்பினார். நீலத் தண்ணீர் இரண்டு நாள் அதில் கிடக்கும். செம்பு லாடத்தில் சிவப்புச் சேறாக ஏறிவிடும். மிச்சத்தில் சுண்ணாம்பைக் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் வெளியே விடுவார். அடியில் தங்கியதைப் பானையில் மூடி வைப்பார். எதிர்ப் பட்டறைக்காரர் தினமும் கேட்பார்: "லாடம் இருக்குது, மாடு எங்கீங்க?" அந்தத் தெருவில் வேறு யாரும் தொட்டி வைக்கவில்லை. அத்தையும் அந்த இடத்தில் மறுபடி விதைக்கவில்லை.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுத் தபசுக்காலத்தில், எல்லோரும் கறியை விட்டிருந்தபோது அப்பா கீரையையும் விட்டிருந்தார். அத்தை கொடுத்தனுப்பும் கட்டுகளை அம்மா கடைந்து எங்களுக்குப் போடுவார். அப்பா மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். எங்கப்பா கறி, கீரை இரண்டையும் விட்டு ரெட்டை ஒறுத்தல் செய்கிறார் என்று கோயில் ஞானோபதேச வகுப்பில் நான் பெருமை அடித்துக்கொண்டேன். நாங்கள் கீரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கீரை அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா கடைசிவரை சொன்னார். சாமிக்கு வேண்டிக்கொண்ட நேர்ச்சை என்கிறார் அண்ணன். 1960ஆம் ஆண்டுக் குறிப்பேடு கிடைக்கவில்லை. அப்பாவுக்கு அப்போதே தெரிந்திருந்ததா என்பதை என்னால் இதுவரை சரிபார்க்க முடியவில்லை.