பனைக்குப் போன கம்பளி

கொடைக்கானலில் நான் தங்கிய சிறிய லாட்ஜின் முதலாளிக்குக் குரங்குக் குல்லாவுக்குள் மீசை மட்டும்தான் எடுப்பாகத் தெரியும். யாரிடம் பேசினாலும் அவர் கண் வராந்தாவில் இருந்த தொட்டியிலேயே இருக்கும். அதில் ஒரு மலேசியக் காட்டுப் பனைக்கன்று. தண்டு செக்கச்செவேலென்று இருந்தது. குளிர் ஆகாதாம். இதற்கு முன் வைத்த கன்றுகள் எல்லாம் உறைபனியில் கருகிவிட்டன என்றார்.

அது தை மாதம். சாயங்காலமே எனக்குப் பல் தந்தியடித்தது. இன்னொரு கம்பளி கேட்கப் போனேன். மிச்சமிருந்த ஒரே கம்பளியை அவர் பனைக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஹீட்டர் எரிந்தது.

“இது என் ரூம் ஹீட்டர் இல்லையா?”

“ஆமாங்க. நீங்க காலையில வெள்ளனே பஸ் ஏறிக் கீழ போயிருவீங்க. இது எங்கங்க போகும்?”

நானும் குனிந்து கம்பளியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதும் கொடைக்கானலில் உறைபனி என்று செய்தி வந்தால், மதுரையில் ஃபேனுக்கு அடியில் தூக்கம் வராமல் புரள்கிறேன். பனைக்கு என்ன ஆயிற்றோ என்றுதான். அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.