மேசைக்கு அந்தப் பக்கம் தனம் அக்கா

செய்தி வந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். தொழிற்சங்கத்தின் புதிய கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். ரோஸ்லான் கைப்பேசியில் மலாயில் ஒரு வரி அனுப்பியிருந்தார். தனம் அக்கா போய்விட்டார், லகாட்டில் தம் வீட்டிலேயே, தூக்கத்தில். ரோஸ்லான் எங்கள் தொழிற்சாலையின் சங்கக் கிளைத் தலைவர். தனலெட்சுமி அக்கா அதே கிளையின் செயலாளராகப் பல வருடம் இருந்து, போன வருடம்தான் பணி ஓய்வு பெற்றவர். நான் அங்கே மனிதவள அதிகாரி, அதாவது நிர்வாகத்தின் ஆள். ஸ்டோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது கணக்குப் பிரிவுப் பெண், "யூனியன்காரங்களுக்கு நீங்க ஏன்க்கா அழறீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இரங்கல் கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்துக்காரர்கள் நீங்கள் என்னைக் கேட்டது எனக்கே வியப்பு. அவரோடு ஒரே வரிசையில் நின்று கையுறை பொட்டலம் கட்டியவர்கள் நீங்கள், அவரை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். ஆனால் உங்களில் யாரும் அவருக்கு எதிரே உட்கார்ந்ததில்லை. அந்தக் கொடுப்பினையும் அந்தக் கஷ்டமும் எனக்குத்தான் வாய்த்தன. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட்டு ஒப்பந்தம் என்றால் என்னவென்று புத்தகத்தில் படித்ததோடு சரி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சங்கம் தன் கோரிக்கைகளை எழுதி அனுப்பும். நிர்வாகம் குறித்த நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பிறகு இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு விதியாகப் பேசும். ஒத்துவராவிட்டால் அரசாங்க இலாகா நடுவில் வரும். ஒத்துவந்தால் கையெழுத்துப் போட்டுத் தொழில் நீதிமன்றத்தில் கொடுப்பார்கள், அதன்பின் அது இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்தும். முதல் கூட்டத்தன்று எதிர்ப்பக்கத்தில் ஒரு தமிழ் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில், "வணக்கம் அக்கா" என்றேன். "செலாமாட் பாகி, புவான்" என்று மலாயில் பதில் வந்தது, காலை வணக்கம் அம்மணி என்று. ஏதோ வேற்று நாட்டுத் தூதரிடம் பேசுவதைப் போல. எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே, எதிரே இருந்த பாய் கடையில் அவரே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "கோவமா? உள்ள நாம ரெண்டு பேரும் தமிழ்ல பேசினா, ஒங்க வோங்கு நீ எனக்கு என்னமோ சொல்லிக் கொடுக்கிறேன்னு நெனைப்பாரு. என் ஆளுங்க நான் வெல போயிட்டேன்னு நெனைப்பாங்க லா. கேட்டுக்கு உள்ள எல்லாருக்கும் புரியிற பாஷ. வெளிய வந்தா நீ எனக்குத் தங்கச்சி. என்ன குடிக்கிற?" வோங் எங்கள் மேலாளர். அந்த விதியை அக்கா கடைசிவரை மீறவில்லை, ஒரே ஒரு முறை தவிர. அதற்கு வருகிறேன்.

பேருந்து விவகாரம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும், சிலருக்கு இன்னும் கோபம்கூட இருக்கலாம். கம்பெனி பஸ் தினமும் தாமதமாக வருகிறது, வேறு பஸ் வேண்டும் என்று ஒரு கோரிக்கை வைத்திருந்தீர்கள். கூட்டத்துக்கு முன்னால் அக்கா ஒரு வாரம் விடியற்காலையில் எழுந்து அந்தப் பஸ்ஸிலேயே வந்து பார்த்திருக்கிறார். பஸ் நேரத்துக்குத்தான் வருகிறது, நம்மவர்கள்தான் நிறுத்தத்தில் அதைக் காக்கவைக்கிறார்கள் என்று கண்டுகொண்டார். மேசையில் அந்தக் கோரிக்கையின் முறை வந்ததும், "இதை எடுத்துவிடுங்கள், தப்பு எங்கள் பக்கம்" என்றார். வோங் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். ரோஸ்லான் முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, கேட்டு வச்சிருந்தா பின்னாடி விட்டுக் கொடுக்கவாவது ஆகியிருக்குமே" என்று வெளியே வந்து நான் கேட்டேன். எதிர்த்தரப்புக்காரிக்கு அந்த அக்கறை! "ஒண்ணைப் பொய்யாக் கேட்டா, நெசமாக் கேக்கிற ஒம்போதையும் அவரு நம்ப மாட்டாரு" என்றார். அதன்பிறகு அவர் ஒன்றை உண்மை என்று சொன்னால் வோங் ஆதாரம் கேட்டதில்லை.

இப்போது என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுத முடியாது. என்னைப் பெற்ற அம்மா தைப்பிங்கில் இருக்கிறார். பிறந்த நாற்பதாம் நாள், பிள்ளையில்லாத தம் அக்காவிடம் என்னைக் கொடுத்துவிட்டார். காம்பாரில் என்னை வளர்த்து ஆளாக்கியவர் என் பெரியம்மா. அவர் இறந்தபோது என் ஆண்டு விடுப்பெல்லாம் தீர்ந்திருந்தது. பெற்றோர் இறந்தால் மூன்று நாள் விடுப்பு உண்டு, பெரியம்மாவுக்குக் கிடையாது. படிவத்தில் உறவு என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன். விடுப்புப் படிவத்தில் பொய் எழுதினால் வேலை போகும். அந்த அறிவிப்பை அச்சடித்துப் பலகையில் ஒட்டியவளே நான்.

ஆபீஸில் நல்ல மனதோடு ஒரு பெரிய மலர்வளையம் அனுப்பிவிட்டார்கள். 'மாலதியின் தாயார் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபம்' என்று மலாயில் பட்டையான எழுத்து. பெரியம்மாவின் உடலுக்குப் பக்கத்தில் என் தாயார் உயிரோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தனம் அக்கா வந்தார். பெரியம்மாவும் அவரும் ஒரு காலத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா வளையத்தைப் படித்தார், என் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு "வெயில் படுது, பூ வாடிரும்" என்று சொல்லி, எழுத்து சுவரைப் பார்க்கும்படி வளையத்தைத் திருப்பி வைத்தார். அன்று வெயிலே இல்லை. எழவு வீட்டில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இரண்டு வருடம் கழித்துச் சரோஜாவின் விஷயம் வந்தது. பொட்டலப் பிரிவில் வேலை செய்யும் சரோஜாவை வளர்த்தவர் அவருடைய அத்தை. அத்தை இறந்தபோது சரோஜா சொல்லாமல் இரண்டு நாள் வரவில்லை. நான் எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அது அவருக்கு இரண்டாவது கடிதம், இன்னொன்று வந்தால் வேலை இல்லை. அந்த வருட ஒப்பந்தப் பேச்சில், துக்க விடுப்பில் கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரோடு 'வளர்த்தவர்' என்பதையும் சேர்க்க வேண்டும், சரோஜாவின் கடிதத்தையும் திரும்பப் பெற வேண்டும் என்று சங்கம் கேட்டது. "ஆளுக்குப் பத்து அத்தை இருப்பார்கள், மாதம் ஒருவர் இறப்பார்" என்றார் வோங். மறுத்துப் பேசும் வேலை எனக்கு. "பெற்றவருக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கிறது. வளர்த்தவருக்கு என்ன பத்திரம் இருக்கிறது?" என்று மலாயில் கேட்டேன்.

எதிரே தனம் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வாக்கியம் அவர் சொன்னால் போதும். கோரிக்கை ஜெயித்துவிடும், என் வேலை போய்விடும். அந்த மேசையில் இருந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் அது தெரியும். அவர் பத்து நிமிடம் இடைவேளை கேட்டார். பேச்சுவார்த்தையில் இது வழக்கம். இரு தரப்பும் தனித்தனியாகப் போய் யோசித்துவிட்டு வரலாம். நான் தண்ணீர் பிடிக்கப் போனேன். அவரும் பாட்டிலோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"பாட்டில் நெறஞ்சு வழியுது பாரு. தண்ணியக் குடி மொதல்ல" என்றார். தமிழில். கேட்டுக்கு உள்ளே.

"அக்கா, நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும், ஜெயிச்சிருவீங்க."

"ஒன்னைய வித்து ஜெயிச்சா, அடுத்த தடவ என்னைய நம்பி இந்த மேசையில எவ வந்து உக்காருவா? சரோஜாவுக்கும் கெடைக்கணும், ஒனக்கும் போகக் கூடாது. வழி இல்லாமயா போயிரும்? உள்ள போயி ஒன் வேலைய நீ பாரு. என் வேலைய நான் பாக்கிறேன்."

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் மலாயில் வோங்கிடம் கேட்டார். "உங்கள் பயம் பத்து அத்தைகள்தானே? அப்படியானால் ஒருவர் மட்டும். ஒவ்வொரு தொழிலாளியும் தன்னை வளர்த்தவர் ஒருவரின் பெயரை இப்போதே எழுதிக் கொடுக்கட்டும். பிறகு மாற்ற முடியாது. இறந்தபின் பெயர் கண்டுபிடிக்கவும் முடியாது." வோங் சிரித்துவிட்டார். என் பக்கம் திரும்பி, நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்டார். "போலே" என்றேன். முடியும் என்று பொருள். விதி சேர்ந்தது, சரோஜாவின் கடிதமும் திரும்பப் பெறப்பட்டது. எழுந்திருக்கும்போது அக்கா, "ஆபீஸ்காரர்களையும் யாராவது வளர்த்திருப்பார்களே, அவர்களுக்கும் கொடுங்கள்" என்றார். ஒப்பந்தம் எங்களுக்குப் பொருந்தாது, அவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வோங் அதற்கும் சம்மதித்தார்.

எத்தனையோ நாள், பேரம் என்றால் யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்கள் ஜெயிப்பது என்று நினைத்திருந்தேன். எதிரில் இருப்பவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கண்டுபிடித்து, அந்தப் பயத்துக்கும் விதியில் ஓர் இடம் கொடுப்பவரை அன்றுதான் பார்த்தேன்.

அன்று பாய் கடையில் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். "நீ யாரு வளர்த்த புள்ளன்னு ஒம் பெரியம்மாவுக்குத் தெரியும். வோங்குக்கும் தெரியணும்னா அத நீதான் சொல்லணும். அது எஞ்சோலி இல்ல." அதன்பிறகு ஒருமுறைகூட அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன.

அவர் இறந்த அன்று விடுப்புக்குக் கணினியைத் திறந்தேன். துக்க விடுப்பில் உறவுகளின் பட்டியல் வந்தது. நான்காவதாக 'வளர்த்தவர்' இருந்தது. அவர் வாங்கிக் கொடுத்த சொல். அக்கா பெயரை எழுதிவிடலாமா என்று என் விரல் அங்கே நின்றது. விதி வருமுன்பே போய்விட்ட பெரியம்மா பெயரைக்கூட எழுத முடியாமல் அந்த இடம் எனக்குக் காலியாகத்தான் கிடக்கிறது. அப்போது, பொய்யாகக் கேட்க மாட்டேன் என்று அக்கா விட்டுவிட்ட அந்தப் பஸ் நினைவுக்கு வந்தது. மூடிவிட்டு ஆண்டு விடுப்பில் ஒரு நாள் எடுத்துக்கொண்டு லகாட்டுக்குப் போனேன்.

காரியம் முடிந்த மறுநாள் வோங்கின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் பொய்யைப் பற்றிக் கேட்கவில்லை. "அன்றைக்கு அவருக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். "அந்த விதியில் நான்தான் ஜெயித்தேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். மறுநாள் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சரோஜாவுக்கு நான் கொடுத்த அதே வாசகம், பெயரும் குற்றமும் மட்டும் வேறு. வேலையே போயிருக்கலாம். தைப்பிங்குக்கு அழைத்து அம்மாவிடமும் சொன்னேன். "அப்போ ஒங்க கம்பெனியில நான் எப்பவோ செத்தாச்சா? நெசமாச் செத்தா ஒனக்கு லீவு கெடைக்குமாடி?" என்று அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாரம் இறங்கிவிட்டது.

தனம் அக்காவின் நினைவாக என்னிடம் படம் ஏதும் இல்லை. அந்த எச்சரிக்கைக் கடிதம்தான் இருக்கிறது, மேசை இழுப்பறையில். என் வாயால் நானே சொல்லும்வரை அவர் காத்துவைத்த உண்மை அது. அடுத்த மாதம் பேச்சுவார்த்தை தொடங்குகிறது. அவருடைய நாற்காலியில் இப்போதைய செயலாளர் சரோஜா உட்காருவார். சரோஜா, நீங்கள் வணக்கம் சொன்னால் நான் மலாயில்தான் பதில் சொல்வேன், வருத்தப்படாதீர்கள். கூட்டம் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். டீ குடிக்கப் போலாம்.